அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்: குடும்ப உளவளத்துணைக் கையேட்டைத் திருத்தியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னியில் குடும்ப உளவளத்துணைப் பயிற்சியை ஒழுங்கு செய்பவர்களுக்கும், அதன் கையேட்டைத் திருத்திய குழுவினருக்கும்,

திருத்திய கையேடு கிடைத்தது. தம்பதியரின் பாலுறவுத் திருப்தி பற்றிய அரைநாள் அமர்வை முழுதாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். இயல்புக்கு மாறான பாலியல் நாட்டம் உள்ளவர் என்று தெரியவந்தால் பதிவேட்டில் குறித்துக்கொண்டு மனநலப் பிரிவுக்கு அனுப்பவேண்டும் என்கிறது அந்த வரி. ஏன் என்று கேட்ட சக ஊழியருக்கு, "எங்கட சனத்துக்கு உந்தக் கதையள் தேவையில்லை, பிள்ளை" என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள்.

அந்தச் சனத்துக்கு முன்னால் கதிரை போட்டு இருப்பது நாங்கள். பரந்தன் தொடக்கம் மாங்குளம் வரை, உள்ளுக்குள்ளே விசுவமடு, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், மல்லாவி என்று குடும்பப் பிணக்குகளைக் கேட்டுக்கொண்டு திரிகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன். இங்கே வரும் எந்தப் பிணக்கும் "எங்களுக்குப் படுக்கையில சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. சீதனக் காணி உறுதி என்று வரும். மாமியின் வாய் என்று வரும். நுண்கடன் கட்டத் தவறிய கிழமை என்று வரும். போனுக்கு ஏன் பூட்டுப் போட்டாய் என்று வரும். இலங்கையின் பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் மூன்றுதான்: வேறொருவரோடு உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத உடலுறவு இயலாமை. இந்த மூன்றுக்குள்ளும் அடங்காத மனக்குறை எல்லாம் வேறு வேடம் போட்டுக்கொண்டுதான் எங்கள் மேசைக்கு வருகிறது. மூன்றாம் நாலாம் சந்திப்பில், பால்தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்த பிறகு, கதவை ஒருக்கால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உண்மையைச் சொல்லத் தொடங்குவார்கள்.

அப்படிச் சொல்பவற்றில் ஒரு பகுதி, நீங்கள் இயல்புக்கு மாறானது என்று எழுதியிருக்கும் ஆசைகள். கண்ணைக் கட்டச் சொல்லிக் கேட்பது, கையை அமத்திப் பிடிக்கச் சொல்வது, இரவில் மட்டும் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது, குறிப்பிட்ட ஒரு உடுப்பிலோ செருப்பிலோ மனம் போவது, முன்பின் தெரியாதவர்கள்போல நடிப்பது. இளம் சோடிகள் போனில் படித்துவிட்டு கிங்க் என்ற சொல்லோடேயே வருகிறார்கள். கட்டுதல், அடக்குதல் சேர்ந்ததை பிடிஎஸ்எம் என்கிறார்கள். வயது கூடியவர்கள் "ஒரு மாதிரியான ஆசை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். 18 வயதைக் கடந்த இருவர் மனமொத்துச் செய்வதைப் பற்றி மட்டும்தான் இந்த மடல் பேசுகிறது. பிள்ளைகள் சம்பந்தப்பட்டது எதுவானாலும் குற்றம். அதில் கதைக்க ஒன்றுமில்லை.

உங்கள் வரி என்ன செய்யும் என்று ஊகித்து எழுதவேண்டிய தேவை எனக்கு இல்லை. அது கையேட்டில் ஏற முன்னரே அப்படி நடந்துகொண்ட ஓரிடத்தில் என்ன நடந்தது என்று தெரியும். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

ஒரு பெண். இரண்டு பிள்ளைகள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடிய நாலரைக்கு எழும்பிச் சமைத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் பொழுதுபடத்தான் வீடு. கணவன் ஓட்டோ ஓடுகிறவர், நல்ல மனிசன், குடியில்லை. தொழிற்சாலையில் நாள் முழுக்க மணிக்கு இத்தனை துண்டு என்ற கணக்கு. வீட்டில் அரிசியில் இருந்து பிள்ளையின் ரியூசன் காசு வரைக்கும் எல்லா முடிவும் அவள் தலையில். இரவில் ஒரு அரை மணித்தியாலத்துக்காவது யாரும் தன்னிடம் எதையும் கேட்காமல் இருந்தால் போதும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஆசை. ஒருநாள் விளையாட்டாகக் கணவன் தன் சால்வையால் அவள் கண்ணைக் கட்டி, "நீ ஒண்டும் யோசியாதை" என்று சொன்னார். கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் அன்றைக்குத்தான் தன் உடம்பு தனக்குச் சொந்தமானதுபோல இருந்தது என்றாள் என்னிடம். அடுத்தமுறை அவளாகவே வாய்விட்டுக் கேட்டபோது கணவன் பயந்துபோனார். இதை எங்கே பழகினாய்? யாரோடு பழகினாய்? அங்கே தொடங்கிய சண்டை ஓர் ஆலோசனை நிலையத்தில் வந்து நின்றது.

அங்கே இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'விபரீத நாட்டம்' என்று பதிவேட்டில் எழுதி, கீழே சிவப்புப் பேனையால் கோடும் இழுத்தார். எங்கள் பதிவேடுகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும்தானே. நீளமான சீ.ஆர். கொப்பி, மேசையில் விரித்தபடி கிடக்கும். அடுத்து வருபவர் தன் பெயரையும் கையொப்பத்தையும் அதே பக்கத்தில்தான் போடவேண்டும். அன்றைக்கு அடுத்து வந்தவர் அவளுக்கு ஒன்றுவிட்ட மச்சாள் முறை. கிழமை முடிய முன்னர் தொழிற்சாலை பஸ்ஸில் கதை. கணவன் ஓட்டோத் தரிப்பிடத்துக்குப் போவதை விட்டுவிட்டு, தூரத்து வாடகைகளைத் தேடி ஓடத் தொடங்கினார். அவள் மனநலப் பிரிவுக்குப் போனாள். அங்கே வைத்தியர் பொறுமையாகக் கதைத்துவிட்டு, "உங்களுக்கு வருத்தம் ஒண்டும் இல்லை, அனுப்பினவையிட்டைக் கேளுங்கோ ஏன் அனுப்பினவை எண்டு" என்று திருப்பி அனுப்பினார்.

வைத்தியர் தன்பாட்டுக்குச் சொன்னதல்ல அது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 10ஆம் பதிப்பு வரைக்கும் பொருள்மீதான மோகம், வலி கொடுப்பதிலும் பெறுவதிலும் வரும் நாட்டம் எல்லாம் கோளாறு என்று பட்டியலில் இருந்தன. 2019 மே மாதம் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில் அவற்றை எடுத்துவிட்டார்கள். மனமொத்த வளர்ந்தவர்களுக்கு இடையில் நடப்பது, யாருக்கும் துன்பமோ கெடுதியோ தராதது, நோய் என்று எழுதப்படுவதற்கு நியாயம் இல்லை என்பது காரணம். இவற்றில், மற்றவரின் சம்மதம் இல்லாமல் வதைப்பதில் இன்பம் காணும் நிலையை மட்டும் தனிக் கோளாறாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்க உளமருத்துவர் சங்கமும் 2013இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 நூலில் இதே கோட்டைத்தான் இழுத்தது: நாட்டம் வேறு, கோளாறு வேறு. உங்கள் கையேட்டின் முன்னுரையில் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்களைப் பின்பற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பதிப்பை என்று சொல்லவில்லை.

இப்படிப்பட்டவர்கள் அபூர்வமானவர்களா, உடைந்த மனங்களா என்ற கேள்விக்கும் பதில் தேடியிருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் 16 முதல் 59 வயது வரையான 19,307 பேரிடம் தொலைபேசியில் எடுத்த ஆய்வு 2008இல் வெளியானது. உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் 1.8 வீதமானவர்கள் முந்திய ஒரு வருடத்துக்குள் பிடிஎஸ்எம் செயல்களில் ஈடுபட்டிருந்தார்கள். அவர்கள் முன்னர் பாலியல் வற்புறுத்தலுக்கு ஆளானவர்களாக இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட இல்லை. மன உளைச்சலும் கூட இல்லை. 2013இல் நெதர்லாந்தில் இப்படி வாழும் 902 பேரை மற்ற 434 பேரோடு ஒப்பிட்டார்கள். முதலாமவர்களுக்குப் பதகளிப்பு குறைவாகவும், தம் வாழ்க்கை பற்றிய நிறைவு கூடுதலாகவும் இருந்தது. மற்றவர்களோடு இணங்கிப் போகும் குணம் மட்டும் கொஞ்சம் குறைவாம். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் இணங்கிப் போகாத ஆட்களுக்கு வேறு காரணம் தேடிக்கொண்டிருந்தோம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1,040 பேரிடம் கேட்டபோது, வழமைக்கு வெளியே என்று வகைப்படுத்தப்பட்டவற்றில் ஏதாவது ஒன்றிலாவது ஆசை உண்டு என்றவர்கள் அரைவாசிக்குக் கிட்ட. ஒருமுறையாவது செய்து பார்த்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு. அரைவாசிப் பேரிடம் இருக்கும் ஒன்றை எந்தக் கணக்கில் இயல்புக்கு மாறானது என்பது?

இவை வன்னியில் எடுத்த கணக்குகள் அல்ல என்று நீங்கள் சொல்லலாம். சரி. நெதர்லாந்து ஆய்வில் தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள்தான் இருந்தார்கள் என்பதும் சரி. கண்ணைக் கட்டினால் குடும்பம் சந்தோசமாக இருக்கும் என்று நான் இங்கே எழுத வரவில்லை. இந்த ஆசைகள் இருப்பதாலோ இல்லாமல் இருப்பதாலோ ஒரு கலியாணம் நிற்பதும் இல்லை, விழுவதும் இல்லை. எது நிறுத்துகிறது, எது விழுத்துகிறது என்பதற்குக் கனடாவில் சாண்ட்ரா பயர்ஸ் என்ற உளவியலாளர் தன் சக ஆய்வாளர்களோடு பல வருசம் வேலை செய்திருக்கிறார். நீண்டகாலமாக ஒன்றாக வாழும் சோடிகளில், தனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று சொல்லிக்கொள்பவர்களுக்குத்தான் பாலுறவுத் திருப்தி கூட. அது இரண்டு வழியால் வேலை செய்கிறதாம். ஒன்று, சொன்னால்தான் மற்றவருக்கு எதைச் செய்வது என்று தெரியும். மற்றது, சொல்லிக் கேட்டுக்கொண்டதாலேயே நெருக்கம் கூடுகிறது. அந்த நெருக்கம் தன்பாட்டில் திருப்தியைக் கூட்டுகிறது. அமெரிக்காவில் 2009இல் வெளியான இன்னொரு ஆய்வில், இப்படியான விளையாட்டுக்கு முன்னும் பின்னும் சோடிகளை அளந்து பார்த்தார்கள். நல்லபடி நடந்தது என்று சொன்னவர்களுக்கு நெருக்கம் கூடியிருந்தது, மன அழுத்த ஹோர்மோன் குறைந்திருந்தது. நல்லபடி நடந்தது என்று சொன்னவர்களுக்கு மட்டும்.

எங்கள் மேசைக்கு வருகிற பெரும்பாலான சிக்கல், ஒருவருக்கு ஆசை இருக்கிறது, மற்றவருக்கு இல்லை என்பதுதான். அதில் ஆசைப்பட்டவரை நோயாளி என்று அனுப்பிவிட்டால் கதைப்பதற்கான வாசல் அடைபட்டுவிடும். ஆசை அடைபடாது. அது ரகசியப் போனாக மாறும், வெளியே தேடுவதாக மாறும், அல்லது மனிசியின் பக்கம் திரும்பாத முதுகாக மாறும். ஆண்களுக்கு இது இன்னும் கஸ்ரம். மனிசி கட்டளை போட்டுத் தான் கேட்கவேண்டும் என்று ஆசைப்படுகிற ஆண் அதை யாரிடம் சொல்வான்? ஊரில் 'பெண்டாட்டிதாசன்' என்ற பட்டத்துக்குப் பயந்து பகலில் சத்தம் போட்டுக்கொண்டு திரிகிறவர்களில் ஒருசிலரை நான் சந்தித்திருக்கிறேன். பெண் உத்தியோகத்தரிடம் இதைச் சொல்ல அவர்களுக்கு நாக்கு எழும்பாது. ஆண் உளவளத்துணையாளர்களோ எங்களிடம் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

இனி வன்னிக்கு வருவோம். எங்கட சனம் என்றீர்களே, அந்தச் சனத்தின் உடம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் இந்த அமர்வை எடுத்தீர்களா? கயிறும் கண்கட்டும் இங்கே எல்லோருக்கும் ஒரே பொருள் இல்லை. போருக்குப் பின் தடுப்புக்காவலில் இருந்து வந்தவர்கள் இருக்கும் ஊர் இது. நாற்பதுகளில் இருக்கும் ஒருவர். மனிசி துடியாட்டமானவள், கொஞ்சம் முரட்டுத்தனமான விளையாட்டுப் பிடிக்கும் அவவுக்கு. ஓரிரவு பின்பக்கமாக வந்து அவரின் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறா. அவர் உதறியதில் அவ போய் அலுமாரியில் அடிபட்டு விழுந்தா. விடியும்வரைக்கும் அவர் கிணத்துக்கட்டில் இருந்திருக்கிறார். தன்னைப் பிடிக்காமல்தான் தள்ளினார் என்று அவ ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தா.

உங்கள் புதிய கையேட்டின்படி என்றால் அவவின் பெயரை எழுதி அனுப்பியிருக்கவேண்டும். பழைய அமர்வில் படித்ததை வைத்து நாங்கள் வேறு வேலை செய்தோம். இருவரோடும் தனித்தனியே கதைத்தோம், பிறகு சேர்த்து வைத்துக் கதைத்தோம். ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று பத்தி கீறிக் கொடுத்தோம்: ஓம், பாப்பம், இல்லை. வீட்டில் போய்த் தனித்தனியாக நிரப்பிக்கொண்டு வரச் சொன்னோம். அவரின் 'இல்லை' பத்தியில் இருந்தவை: மணிக்கட்டு, கண் கட்டுறது, பின்னால வாறது, ரோச் வெளிச்சம். கடைசி இரண்டையும் அவர் தன் மனிசிக்கு அதற்கு முன் சொன்னதே இல்லை. அவவின் 'ஓம்' பத்தியில் மேலே இருந்தது: வாயால சொன்னாக் காணும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அவவுக்கு வேண்டியதில் பாதியை அவரை ஒரு இடத்திலும் தொடாமலே கொடுக்கலாம் என்று தெரிந்தது. குரல் போதும். இன்றைக்கும் அந்தச் சோடியைச் சந்தையில் காண்கிறேன், தலையாட்டிவிட்டுப் போவார்கள். விபரம் கேட்பதில்லை.

போர் பட்ட மனதுக்கு இது ஆபத்தான கதை, அதனால் தொடவேண்டாம் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஆபத்தானது என்பதால்தான் பயிற்றப்பட்ட ஒருவர் முன்னால் கதைக்கவேண்டும். எதைத் தொட்டால் எது கிளறும் என்று மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதைவிட ஆபத்து வேறென்ன?

இடவசதி பற்றியும் ஒரு சொல். கலியாணத்தின் முதல் வருசங்களைச் போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கான செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமின் தறப்பாளுக்குள்ளே கழித்த சோடிகள் இன்றைக்கு நடுவயதை எட்டுகிறார்கள். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. மூச்சுச் சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்ற பழக்கம் மூடப்படவில்லை. பிறகு கிடைத்த 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீட்டுக்குள் தாய் தகப்பன், வளர்ந்த பிள்ளைகள், சிலவேளை விதவையான அக்காவும் பிள்ளைகளும். கூரை வரைக்கும் எழும்பாத நடுச்சுவர். இப்படியான வீட்டில் ஆசையைச் சொல்வதற்கு முதலில் குசுகுசுக்கக்கூட இடமில்லை. இந்தச் சோடிகளுக்கு எங்கள் அறைதான் சில நேரம் முதல் இடம். அதையும் பதிவேட்டை விரித்துவைத்து நாங்கள் கெடுத்தால் எங்கே போவார்கள்?

இப்போது, உங்கள் வரியின் மறுபக்கம். எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான்.

கழுத்தில் விரல் அடையாளத்தோடு ஒரு பெண்ணைச் சகோதரி கூட்டிக்கொண்டு வந்தா. கணவனும் பின்னாலேயே வந்துவிட்டார். அவரின் விளக்கம் தயாராக இருந்தது: "உது இப்ப எல்லாரும் செய்யிறதுதான் மிஸ், போனில பாருங்கோ. அவவுக்கும் விருப்பம்தான்." அந்தப் பெண் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. கையேட்டின்படி இங்கேயும் 'இயல்புக்கு மாறான நாட்டம்' என்று எழுதி, கணவனை மனநலப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு, அவவை வீட்டுக்குப் போகச் சொல்லலாம். சால்வையால் கண்ணைக் கட்டச் சொல்லிக் கேட்டவளுக்கும் மனிசியின் கழுத்தை நெரித்தவனுக்கும் ஒரே வரி. முதலாமவளுக்கு அது அவமானம். இரண்டாமவனுக்கு அது தப்பும் வழி, அடித்ததற்கு ஒரு வருத்தத்தின் பெயர் கிடைத்துவிடுகிறது.

இரண்டையும் பிரித்தறிவது கடினமில்லை. பழைய அமர்வில் அதைத்தான் சொல்லித்தந்தார்கள். வேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே நிற்குமா? வேண்டாம் என்று சொன்ன அடுத்தநாள் வீட்டில் என்ன நடக்கும்: முகத்தைத் தூக்கி வைப்பாரா, செலவுக்குக் காசு நிற்குமா, பிள்ளைகளுக்கு அடி விழுமா? பகலில் அவவிடம் தன் போன், தன் உழைப்புக் காசு, தாய்வீட்டுக்குப் போகும் சுதந்திரம் இருக்கிறதா? நான் அதிகம் நம்புவது இந்தக் கடைசிக் கேள்வியை. பகலில் இல்லை என்று சொல்ல முடியாதவ இரவில் சொன்ன ஓமை நான் கணக்கில் எடுப்பதில்லை. கசிப்பு வெறியில் சொன்ன ஓமையும் எடுப்பதில்லை. அந்தப் பெண்ணைத் தனியே வைத்துக் கேட்டபோது மூன்றுக்கும் வந்த பதில் என்னவென்று நான் எழுதத் தேவையில்லை.

சட்டம் இதில் அரைவாசி தூரம்தான் வருகிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 1995இல் திருத்தப்பட்ட பிறகும், நீதிமன்றத் தீர்ப்பால் பிரிந்து வாழும் மனைவியைத் தவிர, கணவன் மனைவியை வற்புறுத்திப் புணர்வது 363ஆம் பிரிவின்கீழ் வன்புணர்வாகக் கொள்ளப்படுவதில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அதையும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். கலியாணத்துக்குள் சம்மதம் என்று ஒன்று இருக்கிறது என்று சட்டமே தெளிவாகச் சொல்லாத நாட்டில், அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒரே இடம் எங்கள் அறை. அந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுத்த அமர்வைத்தான் எடுத்திருக்கிறீர்கள். ஒரே பாலினச் சோடிகளின் நிலை இன்னும் மோசம். அந்த உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. பதிவேட்டில் ஒரு வரி அவர்களுக்கு வழக்காகவே மாறலாம். அவர்கள் எங்கள் படியேறாததில் ஆச்சரியமில்லை.

அமர்வை எடுத்ததால் போன இன்னொன்று, வெறும் பாதுகாப்பு விபரம். சனம் போனில் பார்த்துச் செய்கிறது, நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் செய்கிறது. கழுத்தை அமத்துவதில் பாதுகாப்பான முறை என்று ஒன்று இல்லை, சில விநாடிகளிலேயே நினைவு தப்பலாம் என்று யார் சொல்வது? நைலோன் கயிற்றால் கட்டினால் நரம்பு பாதிக்கப்பட்டு விரல் விறைக்கும், விறைத்தால் உடனே அவிழ்க்கவேண்டும், வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் பக்கத்தில் இருக்கவேண்டும், கட்டிவிட்டு ஆளைத் தனியே விட்டுப் போகக்கூடாது என்று யார் சொல்வது? விளையாட்டில் 'வேண்டாம்' என்பதே நடிப்பின் பகுதியாக இருக்கக்கூடும் என்பதால், நிறுத்துவதற்கென்று வேறொரு சொல்லை முன்கூட்டியே பேசிவைக்கவேண்டும் என்று யார் சொல்வது? பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வைத்துக்கொள்ளச் சொல்வோம். ஒரு சோடி எங்கள் பெரிய குளத்தின் பெயரை, 'இரணைமடு' என்று வைத்துக்கொண்டார்கள். வான்கதவு மூடு என்று அர்த்தமாம்.

உங்களிடம் கேட்பது இவைதான்.

அந்த வரியை நீக்குங்கள். அடுத்த பதிப்பில் என்று தள்ளிப்போடாமல், இப்போதே ஒரு சுற்றறிக்கையால் நீக்குங்கள். அதன் இடத்தில், மனமொத்த வளர்ந்தவர்களின் விருப்பம் தனக்குத்தானே நோய் இல்லை என்றும், ஒருவரின் சம்மதம் இல்லாமல் நடப்பது வன்முறை என்றும் இரண்டு வசனம் எழுதுங்கள். யாராவது தன் ஆசையால் தானே துன்பப்பட்டு உதவி கேட்டால் மனநலப் பிரிவுக்கு வழிகாட்டுங்கள். அது அவர் கேட்டு நடக்கவேண்டும்.

அரைநாள் அமர்வைத் திருப்பித் தாருங்கள். முன்பு பெண் உத்தியோகத்தர்களுக்கு மட்டும் நடந்தது. இந்தமுறை ஆண்களையும் கூப்பிடுங்கள். தடுப்பில் இருந்தவர்களோடும் சித்திரவதைக்கு உள்ளானவர்களோடும் வேலை செய்த ஓர் உளமருத்துவரைக்கொண்டு அதில் ஒரு மணித்தியாலம் நடத்துங்கள். நான் மேலே சொன்ன சம்மதக் கேள்விகளை, உங்களுக்குப் பிடித்த சொற்களில் திருத்தி, தனித் தாளாக அச்சடித்துத் தாருங்கள். தாளின் பின்பக்கத்தில் மகளிர் உதவி இலக்கம் 1938, தேசிய மனநல உதவி இலக்கம் 1926 இரண்டையும் போடுங்கள்.

பாலியல் விபரம் எதையும் பொதுப் பதிவேட்டில் எழுதக்கூடாது என்று கட்டளை அனுப்புங்கள். இலக்கமிட்ட தனிக் கோவை, பூட்டுள்ள அலுமாரி, திறப்பு ஒருவரிடம். ஏற்கெனவே எழுதப்பட்டவற்றை எடுத்து மூடுங்கள். அந்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணுக்கு நடந்ததுபோல வேறு யாருக்கும் நடந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். விசாரிக்கிறோம் என்ற பெயரில் அவர்களின் வீட்டு வாசலில் வாகனத்தைக் கொண்டுபோய் நிறுத்தவேண்டாம்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் புதுமணத் தம்பதியருக்கு நடக்கும் வகுப்புகளில் இருபது நிமிடம் கேட்டு வாங்குங்கள். சத்துணவும் குடும்பக்கட்டுப்பாடும் சொல்லப்படும் அதே இடத்தில், பிடித்ததையும் பிடிக்காததையும் மற்றவருக்குச் சொல்வது எப்படி என்றும் ஒருவர் சொல்லட்டும். அந்த ஓம், பாப்பம், இல்லைத் தாளை நான் இலவசமாகவே தருகிறேன்.

வாய்மொழிப் பதில் வேண்டாம். எழுத்தில், கையொப்பத்தோடு தாருங்கள். புதிய கையேட்டை வைத்து அடுத்த பயிற்சி ஆவணி நடுப்பகுதியில் தொடங்க இருப்பதாக அறிகிறேன். பதில் அதற்கு முன் வரவேண்டும். வராவிட்டால் அந்தப் பக்கத்தை நாங்கள் பயிற்சியில் படிப்பிக்கப் போவதில்லை என்பதையும் இத்தால் அறியத் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் உளவளத்துணையாளர்,
சக ஊழியர்கள் சிலரின் சம்மதத்தோடு,
கிளிநொச்சி.